மாமா எடுத்த எட்டுப் படங்கள்

பட்டாளத்து அதிகாரி ஒருவர் என்னை விசாரித்தபோது எனக்கு எட்டு வயது. அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் தயக்கமில்லாமல், நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். வாய்ப்பாடு ஒப்புவிக்கிற பிள்ளை அப்படித்தான் நிற்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தப் பதில்களில் ஒன்று என் மாமாவை மறியலில் அடைத்துவைக்கக்கூடியதாக இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் மூத்த சகோதரர். கலியாணம் செய்யாதவர். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு சாய்மேசையும் சுருட்டிவைத்த கடதாசிகளுமாக இருந்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கட்டடங்களுக்குப் படம் வரைவது அவருடைய வேலை. எதைக் கண்டாலும் அளக்காமல் இருக்க அவரால் முடியாது. தெருவில் நடக்கும்போது உதட்டுக்குள் அடிகளை எண்ணிக்கொண்டு வருவார். யாராவது இடையில் மறித்துப் பேசினால், பேசி முடித்துவிட்டுத் திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணுவார். அம்மா சுட்ட தோசையைப் பார்த்து, நேற்றையதைவிட இது அரை அங்குலம் குறைவு என்று சொல்லிவிட்டு, ஏதோ பாராட்டிவிட்டவர்போலச் சாப்பிடத் தொடங்குவார்.

அப்பா மலாயாவில் இருந்தார். ரயில்வேயில் கிளாக்கர் வேலை. எனக்கு நாலு வயதாக இருந்தபோது லீவில் வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போனார். அவருடைய முகத்தைவிட அவருடைய பெட்டியைத் திறந்தபோது வந்த கற்பூர வாசனைதான் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மாதம் தவறாமல் அவரிடமிருந்து கடிதம் வரும். சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த பிறகு கடிதம் வரவில்லை.

“யுத்தம் எண்டபடியால் தபால் பிந்துது” என்று அம்மா சொன்னார். அயலவர்கள் விசாரித்தாலும் அதே வசனம், அதே குரல். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பிந்துகிற பஸ் எப்படியும் வந்து சேருவதுபோலத் தபாலும் ஒருநாள் வந்து சேரும். நாலைந்து கடிதங்கள் ஒன்றாக வந்தால் எதை முதலில் உடைப்பது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அந்த நாள்களில் திருகோணமலைத் தெருக்கள் முழுக்கப் பட்டாள லொறிகள். பள்ளிக்கூட முற்றத்தில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். மழை பெய்தால் அதற்குள் தவளைகள் வந்துவிடும். மாலையானதும் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டவேண்டும். கமரா வைத்திருந்ததற்காக யாரோ ஒரு கடைக்காரரைப் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு கதை ஊருக்குள் உலாவியது. பிறகு உண்மையாகவே கட்டளை வந்தது. கமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருகிற திங்கட்கிழமைக்கிடையில் அதைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். மாமாவிடம் ஒரு பெட்டிக் கமரா இருந்தது. அதற்குள் எட்டுப் படம் எடுக்கக்கூடிய ஒரு சுருள் கிடந்தது.

கோட்டை வாசலுக்குச் சற்றுத் தள்ளி, டச்சுக் குடாவைப் பார்த்தபடி ஒரு பூங்கா இருந்தது. வாசலில் கருங்கல் வளைவு. உள்ளே போனால் வேப்பமரங்கள் இரண்டு வரிசை. நடுவில் எட்டு மூலை கொண்ட வாத்திய மண்டபம். எட்டு இரும்புத் தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலும் இலைகள் விரிவதுபோல வார்ப்பு வேலை, கூரையின் விளிம்பைச் சுற்றிப் பின்னல்போலச் செதுக்கிய மரச்சட்டம். கோணேசர் மலைக்குக் கும்பிட வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது கட்டாயம் அந்த மண்டபத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நேவிக்காரர் அங்கே நின்று வாத்தியம் வாசிப்பார்கள். மற்ற நாள்களில் கோட்டைக்குள்ளிருந்து வருகிற மான்கள் அதன் நிழலில் படுத்திருக்கும்.

அந்தப் பூங்காவைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. விமானங்களைச் சுடுகிற பீரங்கிகளை அங்கே வைக்கப்போகிறார்கள். மண்டபம் குறுக்கே நிற்கிறது, ஆகையால் அதைப் பிரிக்கவேண்டும். இதையெல்லாம் மாமா குசினிக் கதவடியில் நின்று, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பீரங்கி வைக்கிற குழிக்குப் படம் வரைகிற வேலையே அவருக்குத்தான் வந்திருந்தது.

“யுத்தம் முடியத் திருப்பிக் கட்டலாமாம், கந்தோர்த் துரை சொல்லுறார்” என்றார் மாமா. “எதைப் பார்த்துக் கட்டுறது எண்டு கேட்டன். பழைய படத்தைப் பார்த்துக் கட்டு எண்டார். ரெண்டு நாளாய் அலுமாரி அலுமாரியாய்த் தேடினன். கறையான் தின்ற தூள்தான் கிடக்குது.”

“சனங்கள் உயிர் தப்பினால் போதும் எண்டு இருக்குதுகள். உங்களுக்கு மண்டபம்” என்றார் அம்மா.

“சனங்கள் தப்பினால் பிறகு எங்கை போய் இருக்கிறது?” என்று மாமா கேட்டார்.

மறுநாள் மாமா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போயிருக்கிறார். முதல் தூணில் நாடாவை வைத்ததுமே காவல் நின்ற சிப்பாய் துவக்கைக் காட்டி விரட்டிவிட்டான். யுத்த காலத்தில் ஒரு மனிதன் நாடாவோடு நின்று எதையாவது அளந்தால் அவன் யார் என்று நினைப்பார்கள் என்பது அப்போதுதான் மாமாவுக்கு உறைத்திருக்கவேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டுக் கதவு நிலையோடு நிற்கவைத்து, அடிமட்டத்தால் கவனமாக என் உயரத்தை அளந்து ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். அவர் எதையும் அளப்பவர் என்பதால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

“வாரும் பிள்ளை, உம்மைப் படம் எடுப்பம்” என்றார்.

“ஏன் மாமா?”

“வடிவான பிள்ளையை எடுக்கத்தானே வேணும்.”

“எடுத்து ஆருக்கு அனுப்பப் போறீங்கள்?”

மாமா கமராவின் தோல் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அப்பாவுக்குத்தான்.”

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? மஞ்சள் சட்டையை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். தலையை மூன்று முறை வாரி இழுத்தேன். நான்கு வருடம் என்னைக் காணாத அப்பா இந்தப் படங்களைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொள்ளப்போகிறார். இது லேசான காரியம் இல்லை.

பூங்காவின் தூரத்து மூலையில் சிப்பாய்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டார்கள். ஒரு மனிதன் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்திவைத்துப் படம் எடுக்கிறான் என்பதைப் பார்த்ததும் திரும்பவும் வேலையில் இறங்கிவிட்டார்கள். மாமா முதலில் என்னை வளைவின் கீழ் நிறுத்தினார். பிறகு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“தூணோடை ஒட்டி நில்லும். குதி தூணிலை முட்டவேணும். தலையைச் சரிக்கக் கூடாது. சிரிக்கத் தேவையில்லை.”

“சிரிக்காட்டில் வடிவாய் வராது மாமா.”

“சரி, சிரியும். ஆனால் அசையக் கூடாது.”

எனக்கு ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை. மாமா என்னை நிறுத்திவிட்டுப் பின்னால் போவார். இன்னும் பின்னால் போவார். உதடு அசைய அடிகளை எண்ணிக்கொண்டு, வேப்பமரம் வரை போய்விடுவார்.

“மாமா, கிட்ட வாங்கோ! என்ரை முகம் தெரியாது!”

“தெரியும், தெரியும்.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“எல்லாம் தெரியும். நேரே பாரும்.”

ஒரு தூண், பிறகு அதற்கு எதிர்த்தூண், பிறகு படிக்கட்டு, பிறகு கூரையின் விளிம்புக்கு நேர் கீழே. ஒவ்வொரு முறையும் என்னை ஓர் ஓரத்தில் நிறுத்தினார். நடுவில் நிற்கிறேன் என்று சொன்னால் கேட்கவில்லை. ஒரு மான்குட்டி என் பக்கத்தில் வந்து நின்றபோது அதைத் துரத்தினார். மானோடு எடுத்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நான் வாதாடியும் பயனில்லை. மாமாவுக்குப் படம் எடுக்கவே தெரியாது என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆகவே மிச்சத்தை நானே பார்த்துக்கொள்ளவேண்டியதாயிற்று. யாருக்கும் தெரியாமல் என்னால் செய்யக்கூடியதைச் செய்தேன்.

ஏழு படம் முடிந்தது. கடைசிப் படத்தைக் கூரையின் உச்சிக்கு எடுக்கவேண்டும் என்று மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“கடலோடை ஒண்டு வேணும்” என்றேன்.

“கடல் ஏலாது பிள்ளை.”

“ஏன் ஏலாது? அப்பா கப்பலிலைதானே வாறவர். கடலைப் பார்த்தால்தான் அவருக்கு எங்கடை ஊர் எண்டு தெரியும். மண்டபம் மலாயாவிலையும் இருக்கும்.”

மாமா தூரத்துச் சிப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார். “கடல் எடுத்தால் பிடிப்பினம்” என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்கு ஒரு காரணமாகவே படவில்லை. நான் மதிலடிக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் குடா. மாமாவின் பக்கமிருந்து பார்த்தால் இடப்பக்கம் கோணேசர் மலை. வலப்பக்கம் தூரத்தில், வெயிலில் சாம்பல் நிறமாகத் தெரிந்த இரண்டு யுத்தக் கப்பல்கள். அவை இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமா கவனித்திருப்பார். ஆனாலும் அவர் வந்தார். இந்த ஒரு முறை வேப்பமரம் வரை போகவில்லை. கிட்ட வந்து, குனிந்து, என் முகத்துக்கு நேரே கமராவைப் பிடித்தார். அந்தப் படம் ஒன்றுதான் எனக்காக எடுத்தது.

கமராவின் விசை ‘டிக்’ என்றது. அதே நேரம் ஊதல் ஒன்று கேட்டது. முன்பு மாமாவை விரட்டிய அதே சிப்பாய் ஓடி வந்தான்.

எங்களைக் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பட்டாளம் எடுத்திருந்த ஒரு பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். விறாந்தையில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி, நரைத்த மீசை, வெயிலில் சிவந்த கழுத்து. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொலிஸ்காரர். அவர் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர். எங்களைக் கண்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. மாமாவின் கமராவை மேசையில் வைத்தார்கள். இரண்டு நாள்களுக்கு முன் நாடாவோடு வந்தவனும் இவன்தான் என்று சிப்பாய் சொல்லியிருக்கவேண்டும். அதிகாரி மாமாவை அதுவரை பார்த்ததைவிட வேறு விதமாகப் பார்த்தார். மாமா வாயைத் திறந்தபோது கையை உயர்த்தி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன செய்தனீங்கள் எண்டு துரை கேட்கிறார்” என்றார் பொலிஸ்காரர்.

“மாமா என்னைப் படம் எடுத்தவர்.”

“எத்தினை படம்?”

“எட்டு. எட்டிலையும் நான் நிக்கிறன்.”

பொலிஸ்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் மீசை கொஞ்சம் அசைந்தது.

“ஏன் எடுத்தவர்?”

“அனுப்பத்தான்.”

“ஆருக்கு?”

“மலாயாவிலை இருக்கிற அப்பாவுக்கு.”

பொலிஸ்காரர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அதற்குத் தேவை இருக்கவில்லை. மலாயா என்ற சொல் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். அங்கே அப்போது ஜப்பான்காரன் இருந்தான். அதிகாரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிப்பாய் மாமாவின் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தான். நான் அத்தோடு விடவில்லை. கேட்காமலே மிச்சத்தையும் சொன்னேன்.

“கடல் வேணும் எண்டு நான்தான் சொன்னனான். மாமாவுக்கு விருப்பமில்லை.”

அப்போது மாமா ஆங்கிலத்தில் பேசினார். நாலைந்து வசனங்கள்தான் இருக்கும். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் சத்தமாகப் பேசவுமில்லை. அதற்குப் பிறகு அதிகாரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு தகரப் பெட்டியிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துத் தந்தார். கமராவை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை திரும்பி வரவேண்டும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள்.

இடையிலிருந்த நாள்களில் மாமா கந்தோருக்குப் போகவில்லை. சாய்மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்றையும் வரையாமல், பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸ்காரர் வந்து குசினி வாசலில் நின்று அம்மாவோடு மெதுவாகக் கதைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மா மாமாவோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அப்பால் போய்விடுவார். ஒரே ஒரு வசனம்தான் என் காதில் விழுந்தது.

“அதை வாயாலை சொல்லிப்போட்டீங்களே அண்ணை.”

தன்னைக் கேட்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டாளத்துக்காரரிடம் அகப்பட்டதற்காக அம்மா கோபிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிஸ்கட் கதையை நாலு முறை சொல்லியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை போனபோது எட்டுப் படங்களும் கழுவி, மேசையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. படங்களைக் கழுவ யாரிடம் கொடுப்பது என்று மாமா முதலிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தவர். எந்தப் படக்கடைக்காரனும் தொட்டிருக்கமாட்டான். அந்த வேலையைப் பட்டாளமே அவருக்குச் செய்து கொடுத்துவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றில் வளைவு, ஆறில் மண்டபம் பெரிதாக, வடிவாக, ஒவ்வொரு இலையும் எண்ணக்கூடியதாக நின்றது. நான் ஓரத்தில் ஒரு வெண்டைக்காய் அளவில் நின்றேன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. கடைசிப் படத்தில் மட்டும் நான் நானாக இருந்தேன். அதிகாரி அந்தப் படத்தை எடுத்தார். கத்திரிக்கோலால் வலப்பக்கத்தை வெட்டினார், பிறகு இடப்பக்கத்தையும் வெட்டினார். கப்பலும் மலையும் மேசையில் விழுந்தன. என்னை மட்டும் என்னிடம் நீட்டினார்.

“கடலை ஏன் வெட்டினவர் எண்டு கேளுங்கோ” என்றேன்.

“கேட்கமாட்டன் பிள்ளை” என்றார் பொலிஸ்காரர். “நீ பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டை போ.”

கமராவைத் திருப்பித் தரவில்லை. மற்ற ஏழு படங்களையும் அதிகாரி ஒரு உறையில் போட்டார். மாமாவிடம் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தார்.

அன்று மாமா சாய்மேசையில் உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு காலும் ஊசிமுனையான கவராயத்தால் முதலில் என்னை அளந்தார். உச்சியிலிருந்து குதிவரை. பிறகு தூணில் நான் எத்தனை தரம் போகிறேன் என்று பார்த்தார். நான் மூன்றடி பத்தேகால் அங்குலம். படி என்னில் எவ்வளவு, கூரை என்னில் எவ்வளவு, இலை என்னில் எவ்வளவு என்று எண்ணி எண்ணி எழுதினார். நாடா கொண்டு அளக்க முடியாத மனிதர், என்னைக் கொண்டு அளந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மண்டபமே என் உயரத்தில் நிற்கிறது என்பது சின்ன விஷயமா?

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, மூண்டாம் தூணிலும் அஞ்சாம் தூணிலும் கணக்குப் பிழைக்குது. நீர் குதி தூக்கினீரோ?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஏன் தூக்கினீர்?”

“அப்பா பார்க்கேக்கை வளர்ந்திருக்கவேணும்.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, “ஒண்டரை அங்குலம் தூக்கியிருக்கிறீர்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அழிறப்பரை எடுத்து இரண்டு தூண்களையும் அழித்துத் திரும்ப வரைந்தார்.

மண்டபத்தை அந்தக் கிழமை முடியுமுன்னே பிரித்தார்கள். அதற்குச் சில நாள்களின் பின், ஒரு காலைப்பொழுது, ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் பகலே இருண்டது. ஊர் முழுக்க ஓடியது. நாங்களும் தம்பலகாமத்தில் இருந்த உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். மாட்டு வண்டியில் அரிசி மூட்டையும் பாத்திரங்களும் ஏற்றியாகிவிட்டது. அம்மா ஏறி உட்கார்ந்தார். வண்டி அசையத் தொடங்கியபோது, அத்தனை நாளும் மாமாவோடு பேசாத அம்மா அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் படங்களை எடுத்தனீங்களோ?”

“ஓம்” என்றார் மாமா. மடியில் இருந்த தகரக் குழலைத் தட்டிக் காட்டினார்.

மண்டபத்தின் முழுப் படத்தையும் மாமா தம்பலகாமத்தில், நெல் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டு வரைந்து முடித்தார். யுத்தம் முடிந்தது. அடுத்த வருடம் அப்பா வந்தார். மெலிந்து, பல் சில போய், பெட்டி எதுவும் இல்லாமல், ஒரு துணிப்பையோடு கப்பலால் வந்து இறங்கினார். ஜப்பான்காரன் அவரையும் மற்றவர்களோடு காட்டுக்குள் ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் போய் அவருடைய பையை வாங்கினேன்.

மண்டபத்தைத் திருப்பிக் கட்ட இன்னும் கொஞ்சக் காலம் சென்றது. திறந்த அன்று நாங்கள் எல்லோரும் போனோம். மாமா ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு சுற்றிவந்தார். அப்பா அவர் பின்னால் நடந்தார். அம்மாவும் நானும் படியில் இருந்தோம். நான் அப்போது வளர்ந்த பிள்ளை. அந்த நாள்களில் ஏன் மாமாவோடு பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். அப்பா மண்டபத்தின் மறுபக்கம் போகும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு அண்ணை அந்தத் துரைக்கு என்ன சொன்னவர் தெரியுமோ? பொலிஸ்காரர்தான் எனக்கு வந்து சொன்னவர். ‘பிள்ளையின்ரை தகப்பன் மலாயாவிலைதான் இருந்தவர். இப்ப உயிரோடை இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். பிள்ளைக்குத் தெரியாது. தாய்க்குச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அனுப்ப ஆளில்லாத படம்தான் எடுத்தனான்.’ இப்பிடிச் சொல்லியிருக்கிறார். நான் ஒருத்தரையும் சொல்லவிடாமல் வைச்சிருந்த சொல்லு அது. அந்த வெள்ளைக்காரனுக்கும் சிங்கப்பூரிலை ஆரோ அகப்பட்டிருந்திருக்கினம் போல. அதுதான் விட்டவன்.”

அம்மா சொல்லி முடித்ததும் எனக்கு அந்த விறாந்தை ஞாபகம் வந்தது. மாமா பேசி நிறுத்தியதும் அதிகாரி கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். துவக்கோடு நின்ற சிப்பாய்கூட ஒரு அடி பின்னால் போனான். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நன்றாகப் பதில் சொல்லிவிட்டேன், அதுதான் இப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் நிமிர்ந்து நின்றேன். அடுத்த கேள்வியைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். எதைக் கேட்டாலும் சொல்ல என்னிடம் பதில் இருந்தது.